அட்டவணையில் இல்லாத தலம்

யாத்திரை புறப்படுவதற்கு முன் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைப்பதும், அட்டவணை ஒன்று தயாரிப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். தேங்காய் உடைப்பவன் என் மகன். அட்டவணை தயாரிப்பவன் நான். வங்கியில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவனாதலால், எந்தச் செயலையும் கட்டம் கட்டி, நேரம் குறித்து, கூட்டிக் கழித்துப் பார்க்காவிட்டால் எனக்கு மனம் அமைதி அடைவதில்லை. எத்தனை மணிக்கு நடை திறக்கும், எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், ஒரு தலத்திலிருந்து அடுத்த தலத்துக்கு எத்தனை கிலோமீட்டர், சிற்றுண்டிக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் நான்கு பக்கங்களுக்கு எழுதிக் காரின் முன்புறத்தில் வைத்துவிடுவேன்.

கடந்த கோடை விடுமுறையில் நான், என் மனைவி, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி ஆகிய ஐவரும் சென்னையிலிருந்து சொந்தக் காரில் பத்து நாள் பயணமாகப் புறப்பட்டோம். முதலில் திருவண்ணாமலை. பிறகு கொங்கு நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் ஏழும். அவற்றோடு பேரூர், மருதமலை. அதன்பின் மலையைக் கடந்து மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூடு, சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், தலக்காடு, திருநாராயணபுரம். இத்தனையும் என் அட்டவணையில் அழகாக அடங்கின.

இந்த வரிசைக்கு நடுவில், சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீலகிரியில் தங்கலாம் என்று மகன் சொன்னபோது எனக்கு உடன்பாடு இல்லை. "மலையைக் கடந்து போகிற வழியில் பார்த்துக்கொண்டே போனால் போதாதா? தலம் ஏதும் இல்லாமல் இரண்டு நாளை எதற்காகக் கழிக்க வேண்டும்? அந்த இரண்டு நாளில் இன்னும் நான்கு கோயில்களைத் தரிசிக்கலாமே" என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "டிக்கெட்டெல்லாம் முன்பே எடுத்துவிட்டேன் அப்பா" என்று மட்டும் சொன்னான். எழுதிய அட்டவணையில் அந்த இரண்டு நாளுக்கும் நேரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு இழுத்து வைத்தேன். அந்தக் கோட்டுக்குள்தான் இந்த யாத்திரையின் முக்கியமான பாடம் இருந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை புறப்பட்டோம். அண்ணாமலையாரைத் தரிசித்து, இரவு திருச்செங்கோட்டில் தங்கினோம். மறுநாள் காலை மலைமேல் அர்த்தநாரீஸ்வரர். பிறகு காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் சங்கமேஸ்வரர். மாலையில், சுந்தரர் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய கொடுமுடி. வியாழனன்று கரூர், வெஞ்சமாக்கூடல், திருமுருகன்பூண்டி, முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட அவிநாசி. வெள்ளியன்று பேரூர்ப் பட்டீஸ்வரர், மருதமலை முருகன், மாலையில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் வனபத்ரகாளியம்மன். நான்கு நாட்களில் பதினொரு தலங்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும் அட்டவணையில் சிவப்பு மையால் ஒரு குறி இடுவேன். வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்து விடுதியில் அமர்ந்து அந்தக் குறிகளைப் பார்த்தபோது, ஆண்டு இறுதிக் கணக்கை ஒரு பைசா வித்தியாசமில்லாமல் முடித்துவிட்ட பழைய நாட்களின் நிறைவு எனக்கு ஏற்பட்டது.

மறுநாள் காலை, மகன் எடுத்திருந்த டிக்கெட் மலை ரயிலுக்கு என்பது தெரிந்தது. நானும் மனைவியும் பேத்தியும் ரயிலில் ஏறுவது, மகனும் மருமகளும் காரில் வந்து குன்னூரில் எங்களை அழைத்துக்கொள்வது என்பது அவன் ஏற்பாடு. இந்த ரயில் பாதை 1899-ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டு உதகை வரையிலும் திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிவிடுவதால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியில் உள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை; பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. குன்னூர் வரையிலான ஏறத்தாழ 28 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "எதற்காக இத்தனை நேரம் நிற்கிறது?" என்று எதிரே அமர்ந்திருந்தவரிடம் கேட்டேன். "இன்ஜின் தண்ணீர் குடிக்கிறது, சார். குடிக்காமல் மேலே ஏறாது" என்றார். பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இறங்கி ஓடிப்போய், குழாயிலிருந்து இன்ஜினுக்குள் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு வந்து, "பாட்டி, ரயிலுக்கே தாகம் எடுக்குமாம். நீ மட்டும் ஏன் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டாள்.

என் மனைவி பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எனக்கு அந்தக் கேள்வி அப்போது உறைக்கவில்லை.

குன்னூரில் இறங்கும்போது அவளால் படியில் கால் வைக்க இயலவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். விடுதி அறைக்கு வந்து காலணியைக் கழற்றியபோது மருமகள் பதறிப்போனாள். இரண்டு கணுக்கால்களும் வீங்கி, காலணியின் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. அதற்குள் பேத்தி, பாட்டியின் மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்தாள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அறை உள்ள பெட்டி அது. "செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி... ஐந்து நாளிலும் இந்த வெள்ளை மாத்திரை அப்படியே இருக்கிறதே, தாத்தா" என்றாள்.

வாசக அன்பர்களில் பலருக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளை மாத்திரை, ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்த நீர் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் அடிக்கடி கழிவறை செல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் அதற்கு எங்கே நிறுத்துவது, எத்தனை முறை நிறுத்தச் சொல்வது என்று கூசி, மாத்திரையை நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

"என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்கள் போட்ட அட்டவணையில் அதற்கு இடம் இல்லையே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஊரார் கணக்கையெல்லாம் 35 ஆண்டுகள் சரிபார்த்த நான், என் அருகிலேயே ஐந்து நாட்களாகத் தவறிக்கொண்டிருந்த ஒரு கணக்கைக் கவனிக்கவில்லை. கையிருப்பு இல்லாத கணக்கிலிருந்து அவள் காசோலை எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் சிவப்பு மையால் குறி இட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ரத்த அழுத்தம் மிகவும் கூடியிருந்தது. நல்லவேளையாக அதற்கு மேல் ஆபத்து ஏதும் இல்லை. "மாத்திரையை மீண்டும் தொடங்குங்கள். நாள் முழுதும் காலைத் தொங்கவிட்டுக் காரில் உட்காராதீர்கள். இரண்டு மூன்று நாள் எங்கும் ஓடாமல் இருங்கள்" என்று சொன்ன அந்த மருத்துவர், "இந்த ஊருக்கு வரும் வயதானவர்களில் பலர் இதையே செய்கிறார்கள், ஐயா. பயணம் கிளம்புவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டால், மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று அவரே சொல்லிவிடுவார். தாமாக நிறுத்துவதுதான் தவறு" என்றும் சொன்னார். அந்தச் சனி, ஞாயிறு இல்லாதிருந்தால் நாங்கள் அன்று நஞ்சன்கூடு நோக்கிக் காரில் போய்க்கொண்டிருந்திருப்போம். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இருந்திராது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மலைக் குளிரில் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து பெரியபுராணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து செல்லும் வழியில் அப்பர் பெருமான் பசியாலும் தாகத்தாலும் தளர்ந்தபோது, ஈசன் என்ன செய்தார்? வழியிலேயே சோலையும் குளமும் உண்டாக்கி, பொதிசோற்றோடு காத்திருந்து, உண்ணச் செய்து, இளைப்பாறச் செய்து, பிறகே தம் தலத்துக்கு அழைத்துச் சென்றார். சுந்தரர் திருக்குருகாவூருக்குச் சென்றபோதும் அப்படியே. வழியில் ஒரு பந்தல் அமைத்து, கட்டமுதும் தண்ணீரும் வைத்து அமர்ந்திருந்தார். அடியாரும் உடன் வந்தோரும் உண்டு களைப்பு நீங்கிக் கண்ணயர்ந்த பிறகு, பந்தலோடு மறைந்தார். கயிலைக்குக் கால் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்து சென்ற அப்பரிடமும், இவ்வுடம்பால் இதற்கு மேல் வருந்தி வரவேண்டாம் என்று தடுத்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தவர் அவர்.

இக்கதைகளை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சொற்பொழிவுகளில் கேட்டு உருகியிருக்கிறேன். ஆனால் அவற்றில் பந்தலைப் பற்றி நான் நின்று யோசித்ததில்லை. தம்மை நாடி வரும் அடியார் தம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே, வழியில் சற்று உட்கார வேண்டும் என்பதை ஈசன் கருதியிருக்கிறார். அதனால்தான் நம் முன்னோர் யாத்திரைப் பாதைகளில் சத்திரம் கட்டினார்கள். சாலையோரத்தில் மரம் நட்டார்கள். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சிற்றூர்களின் எல்லையில் இரண்டு கல் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையில்லாமல் சுமையை இறக்கி வைப்பதற்காகச் சுமைதாங்கி அமைத்தார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தச் சுமைதாங்கிகளை நாட்டும் வழக்கம் இருந்ததை நம்மில் பலர் அறிவோம். நடந்து சென்ற காலத்தில், இளைப்பாறுதல் யாத்திரையின் ஓர் அங்கமாகவே இருந்தது. கார் வந்த பிறகு, ஒரே நாளில் நான்கு தலங்கள் முடியும் என்றாகிவிட்டது. கால் நடப்பதில்லை ஆதலால், உடம்பு களைப்பதில்லை என்று நாமாக முடிவு செய்துவிட்டோம்.

ஞாயிறு காலை, மனைவியின் கால் வீக்கம் சற்று வற்றியிருந்தது. "சும்மா வெளிக்காற்றுக்கு" என்று மகன் எங்களைத் தேயிலைத் தோட்டங்களின் வழியாகக் காரில் மெதுவாக அழைத்துச் சென்றான். குன்னூரைச் சுற்றிலும் மலைச்சரிவுகளெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் தேயிலைச் செடிகள். இடையிடையே நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள். ஒரு வளைவில், சாலைக்கு ஒட்டினாற்போல் சிறியதொரு மாரியம்மன் கோயில் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் கோயில். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை ஆதலால் சில பெண்கள் வாசலைக் கழுவிக் கோலமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி இறங்கி, பிராகாரம் சுற்ற முற்பட்டாள். அங்கிருந்த முதியவர் ஒருவர், அறுபத்து நான்கு வயது என்று பிறகு சொன்னார், அவளுடைய காலைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தார். "மொதல்ல உக்காருங்கம்மா. ஆத்தா எங்கயும் போயிட மாட்டா" என்றார். தாமே போய்ச் சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஊரெல்லாம் சுத்தி வந்தீங்களா? காலு சொல்லுதே" என்றும் சிரித்தார்.

பேச்சு வளர்ந்தது. அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து அங்கே போனவராம். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒரு குடும்பமாக, 1973-இல், பன்னிரண்டு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர் அவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் இங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கியது. அதுவே 1976-இல் டான்டீ என்ற நிறுவனமாயிற்று. அவர் குடும்பம் அதில் கொழுந்து பறித்தே வளர்ந்தது.

"வரும்போது என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"என்னத்தம்மா கொண்டாறது? ரெண்டு டிரங்குப் பொட்டி. அங்க எங்க லயத்துக் கோயில் மண்ணை எங்கம்மா முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்துச்சு. அதைத்தான் இங்க ஆத்தா காலடியில போட்டு வெச்சிருக்கு."

அதன்பின் நான் என் அட்டவணைக் கதையை, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போல், அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நாப்பது வருசம் கொழுந்து எடுத்திருக்கேன், ஐயா. எம்புட்டு எடுத்தாலும் கூடையை எறக்கி வெச்சாத்தானே நிறுவை போட முடியும்? தலையில வெச்சுக்கிட்டே இருந்தா எத்தனை கிலோன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் பதில் பேசவில்லை. பதினொரு தலங்கள் தரிசித்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, அவற்றில் எத்தனை தலங்களில் என் மனம் சந்நிதியில் நின்றது, எத்தனை தலங்களில் கடிகாரத்தில் நின்றது? வெஞ்சமாக்கூடல் இறைவனின் திருமுகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். நடை சாத்த இன்னும் 12 நிமிடம் இருந்தது என்பதே நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் ஒரு நாள் கூட ஊர் சுற்றிப் பார்க்கப் போகாத அந்த அம்மையாரிடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் அம்மன் வாசலைக் கழுவுவதற்குக் கொடுக்கும் அவரிடம், யாத்திரை செய்வது எப்படி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்று பிற்பகல், மருத்துவர் அனுமதித்த அளவில் உதகைக்குச் சென்று, சந்தைக்கு அருகே உள்ள மாரியம்மன் கோயிலைத் தரிசித்தோம். மாரியும் காளியும் ஒரே கருவறையில் அருகருகே வீற்றிருக்கும் கோயில் அது. அங்கே அவசரப்படவில்லை. அரைமணி நேரம் ஒரு தூணோரம் அமர்ந்திருந்தோம். எல்க் ஹில் முருகன் கோயிலுக்கும் போகலாமா என்று மகன் கேட்டான். பத்துமலை முருகனை நினைவூட்டும் பெரிய திருவுருவம் அங்கே உண்டு. ஆனால் குன்றின்மேல் உள்ள கோயில் அது. "கீழே நின்று கும்பிட்டால் முருகனுக்குத் தெரியாதா?" என்றாள் என் மனைவி. இரண்டு நாளுக்கு முன் என்றால் அவள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சம்மதித்திருக்க மாட்டேன். அந்தத் திசை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில், படகர் பெருமக்கள் வழிபடும் ஹெத்தையம்மனைப் பற்றி விடுதிக் காவலர் பேத்திக்குச் சொன்னார். ஹெத்தை என்றால் அவர்கள் மொழியில் மூதாட்டி, பாட்டி. தங்கள் குலத்தின் பாட்டியையே தெய்வமாகப் போற்றி, மார்கழியை ஒட்டி வெண்ணிற ஆடை அணிந்து கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியில் திரண்டு விழா எடுக்கிறார்கள். பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நம் பாட்டிக்கு நான் தண்ணீர் கொடுத்தால் அதுவும் அபிஷேகமா?" என்றாள். அன்று முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை டம்ளரோடு வந்து நிற்பது அவள் பொறுப்பாயிற்று.

திங்களன்றும் குன்னூரிலேயே தங்கினோம். செவ்வாயன்று கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக நஞ்சன்கூடு சென்று ஸ்ரீகண்டேஸ்வரரையும், மறுநாள் சாமுண்டேஸ்வரியையும் தரிசித்து ஊர் திரும்பினோம். ஸ்ரீரங்கப்பட்டணம், தலக்காடு, திருநாராயணபுரம் மூன்றையும் நானே என் கையால் அடித்துவிட்டேன். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, கழிவறை வசதி உள்ள இடமாகப் பார்த்துக் கார் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளும் இன்ஜினைப்போல், முன்னே தெரியாமல் எங்களைச் சுமந்து வந்தவன் என் மகன் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். நீலகிரியில் இரண்டு நாள் வேண்டும் என்று அவன் வற்புறுத்தியது தன் உல்லாசத்துக்காக என்று நினைத்திருந்தேன். "அம்மா திருவண்ணாமலையிலேயே மூச்சு வாங்கினார்களே, அப்பா. அதற்கு முந்தைய பயணத்திலும் அப்படித்தான். சொன்னால் நீங்கள் இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்" என்றான்.

என்னையொத்த வயதுடைய அன்பர்களுக்குச் சில சொற்கள். பிள்ளைகளோடு நெடும்பயணம் போகும்போது, உடம்பின் தேவையைச் சொல்வதற்குக் கூசாதீர்கள். மறைத்து வைத்த வலி பிறகு பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமையாக வந்து சேரும். புறப்படும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, பயண நாட்களில் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் பயணத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று முன்னதாகவே ஒதுக்கிவிடுங்கள். நீலகிரிக்குப் போவதானால், மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரம், உதகை 2,200 மீட்டருக்கும் மேல் என்பதை நினைவில் வையுங்கள். போன அன்றே அலையாமல் உடம்பைப் பழக விடுங்கள். கோடையிலும் மாலையில் கம்பளி தேவைப்படும்.

காரில் செல்பவர்கள் இ-பாஸ் பெற வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். முதலில் இதைத் தொல்லை என்று நினைத்தேன். மலைக்கும் ஒரு சுமைதாங்கி வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பிளாஸ்டிக் பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் மலைக்குக் கொண்டு செல்லாதீர்கள். அம்மன் வாழும் இடம் அது.

வீடு திரும்பியதும் அட்டவணையை எடுத்துப் பூஜை அறையில் வைத்தேன். சனி, ஞாயிறுக்கு நேரே நான் இழுத்திருந்த வெறும் கோட்டின்மேல் என் மனைவி ஏதோ எழுதியிருந்தாள். பெயர் தெரியாத அந்தத் தோட்டத்துக் கோயிலை, 'உட்கார வைத்த மாரியம்மன்' என்று குறித்திருந்தாள். அருகில் சிவப்பு மையால் ஒரு குறியும் இட்டிருந்தாள்.

அடுத்த யாத்திரைக்கான அட்டவணையை இப்போது பேத்தி தயாரிக்கிறாள். அதில் முதல் வரி: தண்ணீர்.